கடைசியா எப்ப செஞ்சன்? மூணு வருசமா எங்கட வீட்டுல ஓடுற கிளீனிங் முறை

எங்கட குசினிக் கதவுக்குப் பின்னால ஒரு மட்டை தொங்குது, பழைய கலண்டர்ட பின்பக்கம். அதில ஃபேன், யன்னல் கம்பி, கட்டிலுக்குக் கீழ, பிரிட்ஜ் உள்பக்கம், பீலி (கூரை மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால்) எண்டு வேலைகளட பேரும், பக்கத்தில பென்சிலால எழுதின தேதியும் மட்டும்தான் இருக்கும். 2022 ஆவணியில இத தொடங்கினன், இப்ப மூணு மாரியும் (மழைக் காலம்) மூணு கச்சானும் (மேல்காத்து அடிக்கிற வெயில் காலம்) தாண்டிட்டுது, இன்னும் ஓடுது, அதனாலதான் எழுதலாம் எண்டு நினைச்சன். ஒரு மாசம் செஞ்சு பாத்திட்டு நல்லா இருக்கு எண்டு சொல்றது லேசு, மூணு வருசத்துக்குப் பிறகும் எது நிண்டது எது விழுந்தது எண்டு சொன்னாத்தான் மத்தவங்களுக்குப் பிரயோசனம்.

வீட்டப் பத்தி முதல் சொல்லிடுறன். மட்டக்களப்பில களுவாஞ்சிகுடிப் பக்கம், கடலுக்கும் ஆத்துக்கும் நடுவில, ஹோலுக்கு டைல்ஸ், விறாந்தைக்குப் பழைய சிவப்புச் சீமெந்து, வளவு முழுக்க மணல். நான், அவர், ரெண்டு பிள்ளையள், மாமி. அவருக்கு வயல் படுவான்கரையில, ஆத்துக்கு அங்கால மேற்குக் கரையில, எனக்குப் பள்ளிக்கூடமும் படுவான்கரையிலதான், விடியக் காலம குருமண்வெளியில பாதை (ஆத்தக் கடக்கிற மிதவைப் படகு) ஏறி மண்டூருக்குப் போகணும், பாதை அந்தக் கரையில நிண்டா அது வரும்வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும், வீட்டுக்கு வர மூணு மணி, சில நாள் நாலு. வந்து செருப்பக் கழட்டினா அதில இருந்தே ஒரு பிடி மணல் கொட்டும்.

இதுக்கு முதல் நான் செஞ்சு பாத்தது ரெண்டு முறை. ஒண்டு எல்லாருக்கும் தெரிஞ்ச கிழமை அட்டவணை, திங்கள் பாத்ரூம், செவ்வாய் குசினி, புதன் அறை எண்டு. அது 2022ல எரிபொருள் இல்லாம எல்லாம் நிண்ட காலம், மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்ததெல்லாம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், எந்த நாள் பள்ளிக்கூடம் நடக்கும் எண்டே தெரியாது, பம்ப் ஓடினாத்தான் பாத்ரூம் கழுவத் தண்ணி, அப்ப திங்கள் எண்டு எழுதி வச்சு என்ன செய்ய? மற்றது யூடியூப்ல பாத்த பிளை லேடி முறை. அமெரிக்காவில 1999ல தொடங்கினது, வீட்ட அஞ்சு பகுதியாப் பிரிச்சு ஒவ்வொரு கிழமையும் ஒரு பகுதி, டைமர் வச்சு 15 நிமிசம், முதல் வேலையா சிங்க்க மினுங்கத் துலக்கிறது. அதில அந்த 15 நிமிசம் உண்மையிலயே நல்ல விசயம், அத நான் இண்டைக்கும் விடல்ல. ஆனா சிங்க் எங்கட வீட்டுல நடுப்புள்ளி இல்ல, எங்களுக்குப் பாத்திரம் கழுவுறது கிணத்தடியில. அதோட மாரியில ஒரு விதம் கச்சானில ஒரு விதம் அழுக்காகிற வீட்டுக்கு மாசம் முழுக்க ஒரே சுத்து பொருந்தாது.

ரெண்டாவது அட்டவணையும் தவறிப்போய், ஒரு பின்னேரம் பேப்பர்ல செய்யாத வேலையளுக்கு எல்லாம் புள்ளடி போட்டுக்கொண்டு இருந்தன். மாமி பக்கத்தில இருந்து ஃபேன அண்ணாந்து பாத்திட்டு, "புள்ள, இத கடைசியா எப்ப துடைச்ச?" எண்டு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல்ல. எப்ப துடைக்கணும் எண்டு பேப்பர்ல இருக்கு, எப்ப துடைச்சன் எண்டு எங்கயும் இல்ல. அண்டைக்கு ராவே அந்தப் பேப்பரக் கிழிச்சிட்டு இந்த மட்டையத் தொங்க விட்டன்.

முறை இவ்வளவுதான்: செய்யவேண்டிய நாள எழுதாத, செஞ்ச நாள எழுது. ஒரு வேலை முடிஞ்சா அதுக்குப் பக்கத்தில தேதி. அடுத்த முறை செஞ்சா அதுக்குப் பக்கத்தில மற்றத் தேதி. பின்னேரம் வந்து தேத்தண்ணி குடிக்கேக்க மட்டையப் பாத்தா எது பழசாக் கிடக்கு எண்டு கண்ணுக்குத் தெரியும், அதில ஏலுமானத எடுத்துச் செய்யிறது. நேத்துச் செய்யாதது இண்டைக்குக் கடனா வராது. இத நான் அழுத்திச் சொல்றன், ஏனெண்டா நான் முதல் ரெண்டு முறையையும் விட்டதே அந்தக் கடனாலதான், மூணு நாள் காய்ச்சலில படுத்தா நாலாம் நாள் மூணு நாள் வேலையும் சேந்து நிக்கும், அதப் பாத்தாலே கை ஓடாது.

நாளையும் நான் மூணு அளவாத்தான் வச்சிருக்கன். பரீட்சைத் தாள் திருத்துற நாளெண்டா அஞ்சு நிமிசம், அடுப்பும் குசினி மேசையும் துடைச்சாக் காணும். சாதாரண நாள் 15 நிமிசம், டைமர் அடிச்சா அரைவாசியில நிண்டாலும் விட்டுடுவன். சனிக்கிழமையோ லீவோ உடம்புக்கும் ஏலும் எண்டா ஒரு மணித்தியாலம், அதுக்கு மேல இல்ல. எந்த அளவு நாள் எண்டு காலமையே முடிவெடுக்கிறல்ல, பாதையால இறங்கி வீட்டுக்கு வந்து சேந்தாத்தான் தெரியும்.

ஒரு வருசம் ஓடினாப் பிறகுதான் மட்டை எனக்கு வேற ஒண்டு காட்டிச்சு, இதுதான் எனக்குப் பெரிய லாபம். 2023 மட்டையில ஃபேன் வரிய வாசிச்சுப் பாத்தன். ஆனி, ஆடியில 9 நாள், 10 நாளுக்கு ஒருக்கா துடைச்சிருக்கன், கார்த்திகை மார்கழியில 30 நாள் தாண்டியும் ஒருக்காத்தான், அப்பயும் பெரிசா அழுக்கு இல்ல. கச்சான் காத்து மேற்கால அடிக்கிற மாசங்களில வயல்வெளித் தூசு முழுக்க வீட்டுக்குள்ளதான், காலம துடைச்ச மேசையில பின்னேரம் விரலால பேர் எழுதலாம். மாரியில தூசு இல்ல, ஆனா பாத்ரூம் செவரும் அலுமாரிப் பின்பக்கமும் கறுக்கத் தொடங்கும். கடல் பக்க யன்னல் கம்பி எந்தக் காலத்திலயும் உப்புப் பிடிக்கும், அத மூணு கிழமைக்கு மேல விட்டா ஈரச் சீலையால துடைக்கேக்க துரு கலர் வரும். இதெல்லாம் எனக்கு முதலே தெரியாத விசயம் இல்ல, ஆனா எத்தின நாள் எண்டு தெரியாது. இப்ப தெரியும். கச்சானுக்கு ஃபேனும் யன்னலும் முன்னுக்கு, மாரிக்குப் பாத்ரூமும் அலுமாரியும் முன்னுக்கு, மற்றது பின்னுக்கு நிண்டாலும் பரவாயில்ல.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் நாள் மாறாது, அது ஞாயிறு காலம தண்ணி தேங்கிற இடம் பாக்கிறது. டெங்கு நுளம்பு முட்டையில இருந்து பறக்கிற நுளம்பாக 8, 10 நாள் அளவில காணும், அதனால ஏழு நாளுக்கு ஒருக்கா கட்டாயம் பாத்தே ஆகணும், இதில எனக்கு ஏலா எண்ட கதை இல்ல. பிரிட்ஜ்க்குப் பின்னால இருக்கிற தட்டு, சாப்பாட்டு அலுமாரிக் காலுக்கு எறும்பு ஏறாம வைக்கிற தண்ணிக் கிண்ணம், பூச்சாடித் தட்டு, பீலி, வளவில கிடக்கிற சிரட்டை. தண்ணிய ஊத்தி விட்டா மட்டும் காணாது, உள்பக்கத்த நல்லாத் தேய்க்கணும், அந்த முட்டை பாத்திரத்திட ஓரத்தில ஒட்டிக்கொண்டு தண்ணி இல்லாமலே மாசக்கணக்கில கிடக்கும், மறுகா தண்ணி பட்டாப் பொரிக்கும். இத மகனுக்குச் சொல்லிக் குடுத்தன், 12 வயசு, இப்ப ஞாயிறு வேலை அவன்ட, தேங்காய்த் தும்பால தேய்ச்சிட்டு அவனே தேதியும் போடுவான்.

சாமான் விசயத்தில கனக்க வாங்கி கனக்க எறிஞ்சிட்டன். சுத்துற வாளியோட வர்ற மொப் 14 மாசத்தில உடைஞ்சிச்சு, மணல் பல்லுக்குள்ள போய் இறுகிடும், எங்கட மாதிரி மணல் வளவுக்கு அது சரிவராது. தும்புத்தடியும் பழைய பருத்திச் சீலையும்தான் இப்பயும். முக்கியமா, துடைக்க முதல் ரெண்டு தரம் கூட்டணும், இல்லாட்டி மணலோட சேத்துத் தேய்ச்சு டைல்ஸ் மினுக்கம் போயிடும். கிணத்துத் தண்ணியால பைப்பிலயும் டைல்ஸ்லயும் வெள்ளையாப் படியிற கறைக்கு வினாகிரி நல்லம், தேசிக்காய்ப் பாதியும் காணும், சீலைய நனைச்சு பைப்பில அரை மணித்தியாலம் சுத்தி வச்சுத் தேய்ச்சா விடும். ஆனா அதே வினாகிரிய நான் விறாந்தைச் சிவப்புச் சீமெந்திலயும் ஊத்தி, அந்த இடம் இப்ப மங்கிச் சொரசொரப்பாக் கிடக்கு. புளிப்பு சீமெந்த அரிக்கும், தயவுசெஞ்சு செய்யாதீங்க.

அத விடப் பெரிய பிழை ஒண்டும் செஞ்சிருக்கன். கறை கெதியாப் போகும் எண்டு டொய்லட் கழுவுற அசிட்டையும் பிளீச்சையும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஊத்தினன். ரெண்டும் சேந்தா குளோரின் வாயு வரும், நெஞ்சு எரிஞ்சு இருமி, மாமிதான் கையப் பிடிச்சு வெளிய இழுத்தா. இப்ப ரெண்டையும் ஒரே அலுமாரியிலயும் வைக்கிறல்ல, ஒரே நாளிலயும் பாவிக்கிறல்ல. பிளீச் போட்ட நாள் மட்டையில "பி" எண்டு ஒரு எழுத்து இருக்கும், வீட்டுல ஆர் பாத்தாலும் விளங்கும்.

பெரும்போக நெல் வெட்டுற காலத்தில, தை பிற்பகுதியில இருந்து, மட்டைய நான் பாக்கிறதே இல்ல. ஹோல் முழுக்க நெல் மூட்டை, சப்பியும் தூசும், அவரும் ஆக்களும் சேத்துக் காலோட உள்ள வந்து போவாங்க. அந்த ஒரு மாசம் குசினி, பாத்ரூம், ஞாயிறு வேலை, இது மூணும்தான். மூட்டை வெளிக்கிட்ட அடுத்த நாள் எல்லாரும் சேந்து ஹோலக் கழுவுறம், மட்டை மறுகா தொடங்கும். இதாலதான் இந்த முறை மூணு வருசம் நிண்டது எண்டு நான் நம்புறன், ஒரு மாசம் விட்டாலும் உடையல்ல, கடைசித் தேதி மட்டும் கொஞ்சம் பழசா இருக்கும்.

2024 கார்த்திகைக் கடைசி வெள்ளத்திலயும் அப்பிடித்தான். வளவுத் தண்ணி விறாந்தைக்கு ஏறி ரெண்டு நாள் நிண்டிச்சு. வடியேக்கயே, சேறு காய முதல், தும்புத்தடியால தள்ளித் தள்ளி வெளியேத்தினம், காய்ஞ்சாப் பிறகு அது சீமெந்து மாதிரி பிடிக்கும் எண்டு மாமிக்கு 1978 சூறாவளிக் காலத்தில இருந்தே தெரியும். கிணத்துக்குக் குளோரின் போடும்வரைக்கும் அந்தத் தண்ணிய நிலம் கழுவ மட்டும்தான் எடுத்தம்.

வருசத்தில ஒருக்காதான் எங்கட வீடு மூலை முடுக்கெல்லாம் ஒண்டாக் கழுவுப்படும், அது வைகாசியில கண்ணகை அம்மன் சடங்குக்கு கோயில் கதவு திறக்க முதல். ஓடு தட்டி, சிலந்தி வலை அடிச்சு, பாய் தலகாணி வெயிலில போட்டு, பித்தளை எல்லாம் புளியால துலக்கி. அதில மாமி சொல்றதுதான் சட்டம், மட்டைக்கு அங்க வேலை இல்ல. எனக்கு அந்த ரெண்டு நாள் உண்மையிலயே சந்தோசம், அண்ணிமாரும் வருவாங்க, கதைச்சுக் கதைச்சு வேலை போறதே தெரியாது.

இன்னும் சரிவராத ஒண்டு அலுமாரிப் பூஞ்சணம். போன மாரியில என்ட பள்ளிக்கூடச் சாறி மூணில கறுப்புப் புள்ளி விழுந்திச்சு, ஒண்டு அம்மா வாங்கித் தந்த சாறி, எவ்வளவு துவைச்சும் போகல்ல, மனசுக்குச் சரியான கவலை. மட்டையில பாத்தா அலுமாரி வரியில ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் ஒரு தேதியும் இல்ல. துடைக்கிறது மட்டும் இல்ல, காத்துப் போக இடமும் இல்லாமக் கிடந்திருக்கு. அதால இந்தப் புரட்டாதியில அலுமாரியச் செவரில இருந்து நாலு விரல் தள்ளி வச்சு, பின்பக்கத்தத் துடைச்சு, வெயில் நாள் ரெண்டு கதவையும் திறந்து விட்டிருக்கன். மட்டையில முதல் தேதி போட்டாச்சு. தை மாசம் மூட்டை வர முதல் பின்பக்கத்தப் பாத்திட்டுச் சொல்றன்.