பெங்களூரில் புதர் மண்டிய காலி சைட்: கொத்துவதா, மூடுவதா?

காலி வீட்டுமனையில் களையை ஒழிக்க இரண்டு வழி: மண்ணைக் கொத்தி எடுப்பது, அல்லது அட்டையால் மூடி வெளிச்சமின்றி வாட விடுவது. அக்டோபர், நவம்பரில் மண் ஈரமாக இருக்கும். களை வேரோடு வரும். எந்த வழியானாலும் முதல் வேலை பார்த்தீனியம் என்ற நச்சுக்களையைப் பூக்கும் முன் பிடுங்குவது. கையுறையும் முகமூடியும் கட்டாயம், தோலில் அரிப்பும் மூச்சுத்திணறலும் வரும்.

கொத்துவது கோரைக்கு ஏற்றது. ஆனால் மண்வெட்டியால் வெட்டினால் மண்ணுக்கடியில் உள்ள கிழங்குச்சரம் அறுந்து, ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகும். முள்கொத்தால் (முள்கரண்டி போன்ற தோட்டக் கருவி) ஒரு சாண் ஆழம் நெம்பி, மண்ணை உதிர்த்து, கறுத்த சிறு கிழங்குகளைக் கையால் பொறுக்க வேண்டும். மழை விட்டு இரண்டு நாள் கழித்துச் செய்யுங்கள். சேறாக இருக்கும்போது மிதித்தால் செம்மண் காய்ந்து கட்டியாகிவிடும். பத்து நாளில் மறுபடி முளைக்கும், அப்போதே இன்னொரு சுற்று. அதன்பின் கீரை விதைக்கலாம்.

மூடுவதற்கு முதுகு வலிக்காது, ஆனால் மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டும். செடிகளைத் தரையோடு அறுத்து, டேப் உரித்த அட்டைப்பெட்டிகளை இரண்டு அடுக்காக, ஓரங்கள் அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நனைத்து, மேலே நான்கு அங்குலம் காய்ந்த இலை. அருகம்புல் வெளிச்சமின்றி நலியும். ஓரத்திலிருந்து திரும்ப ஊர்ந்து வராமல் சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டுங்கள். கோரையோ அட்டையைக் குத்திக்கொண்டு மேலே வரும். கரையான் ஏறும் என்பதால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளியே விரிக்கவும்.

முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் நாங்கள் சொல்வது: கோரை உள்ள மூலையை மட்டும் கொத்துங்கள், மீதியை மூடுங்கள்.