நீரோடிப் பக்கம் நடந்த கடல் பாதுகாப்பு வகுப்பு: 700 ரூபாய்க்குத் தாராளமாகப் போகலாம்

குமரி மாவட்டக் கடலோர ஊரான நீரோடிக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயப் பங்கு மண்டபத்தில் நடந்த ஒருநாள் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். கடலோரக் காவல்படையிலும் கப்பலிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். கட்டணம் 700 ரூபாய், மதியச் சாப்பாடும் அதிலேயே. போகலாமா என்று கேட்டால், கண்டிப்பாகப் போங்கள். குறைகள் உண்டு, கீழே சொல்கிறேன், ஆனால் அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

வந்தவர்களில் பாதிப் பேர் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் தொழில்காரர்கள். பொழியூரிலிருந்தும் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள், அப்புறம் கொச்சியில் பாய்மரப் படகுகளில் வேலை பார்க்கிற நம்மூர்ப் பையன்கள். இந்தப் பையன்களை வைத்துத்தான் காலை வகுப்பு முழுக்கப் பாய்மரப் படகாகவே போனது. எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று பின் வரிசையில் முதலில் ஒரு முணுமுணுப்பு கேட்டது, பத்து நிமிடத்தில் அது நின்றுவிட்டது, ஏனென்றால் பேசியது கடும் புயலில் படகை விட்டுவிடுவதா, அதிலேயே கிடப்பதா என்ற ஒரே கேள்வியைத்தான்.

1979 ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் இருந்து ஆரம்பித்தார் பயிற்சியாளர். இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துப் பக்கம் போய்த் திரும்புகிற பாய்மரப் போட்டி, 303 படகுகள் கிளம்பின, வழியில் புயல் பிடித்துக்கொண்டது. போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள், அதில் மூழ்கிப்போனவை 5 தான், மீதிப் படகுகள் ஆளில்லாமல் மிதந்தபடியே பிறகு கிடைத்தன. உயிர்மிதவைக்கு (ஆபத்தில் ஊதி விரிகிற ரப்பர் மிதவை) மாறியவர்களில் சிலர் மிதவை கவிழ்ந்தும் கிழிந்தும் போனதில் இறந்தார்கள். இதைக் கேட்டதும் மண்டபத்தில் சத்தமே இல்லை. கைவிட்ட படகு மிதக்கிறது, காப்பாற்ற வேண்டிய மிதவை கிழிகிறது என்றால் அந்த நேரத்தில் மனிதன் எதை நம்புவான்?

இதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் அந்த நாளில் எனக்கு மிகவும் உபயோகமாக இருந்தது. புயலில் பெரும்பாலும் படகுக்கு முன்னால் ஆள் தளர்ந்துவிடுகிறான். இரண்டு நாள் வாந்தி, தூக்கம் கிடையாது, உடுப்பெல்லாம் ஈரம், காதுக்குள் காற்றின் ஊளை, உள்ளே தண்ணீரில் பாத்திரமும் பலகையும் மிதக்கின்றன, இதை விட்டு எங்கேயாவது போய்விட்டால் போதும் என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த மனம் சொல்வதைக் கேட்டு இறங்காதே, படகைப் பார்த்து முடிவு செய் என்கிறார். பம்ப் இறைப்பதைவிட வேகமாகத் தண்ணீர் ஏறுகிறதா, தீப்பிடித்திருக்கிறதா, பாறையில் அடிக்கப் போகிறதா, கையில் உள்ள மருந்தால் காப்பாற்ற முடியாத அளவுக்கு யாருக்காவது அடிபட்டிருக்கிறதா. இதில் ஒன்றும் இல்லையென்றால் பாயை இறக்கிக் கட்டு, கதவுகளை அடை, முன்பக்கம் கடல் நங்கூரமோ (தண்ணீரில் குடை போல விரிந்து இழுக்கிற துணி) பின்பக்கம் நீளக் கயிறோ விட்டு வேகத்தைக் குறை, உள்ளே கட்டிக்கொண்டு கிட. அடியில் கனமான ஈயமோ இரும்போ உள்ள பாய்மரப் படகு கவிழ்ந்தாலும் பெரும்பாலும் தானாக நிமிர்ந்துவிடும், மிதவைக்கு அந்தக் கனம் கிடையாது.

வயதான தொழில்காரர் ஒருவர் எழுந்து, "சாரே, பாறைக்குப் பக்கத்தில போய்ட்டா பிறவு என்ன செய்யது?" என்று கேட்டார். "அங்க போன பிறகு யோசிச்சா நேரம் இருக்காது அண்ணே, புயல்ல கரைதான் ஆபத்து, முன்னாலேயே ஆழத்துக்கு விலகிடணும்" என்றார் பயிற்சியாளர். அந்த அண்ணன் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.

அடுத்தது அபிலாஷ் டோமி, பக்கத்து மாநிலத்துக்காரர், அப்போது கடற்படை அதிகாரி. 2018 செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் அவருடைய படகு 'துரியா'வின் பாய்மரம் முறிந்து, அவருக்கு முதுகெலும்பில் அடி. நடக்க முடியவில்லை, படகு மிதந்துகொண்டுதான் இருந்தது. அசையாமல் உள்ளேயே படுத்துக் கிடந்தார், செய்தி மட்டும் அனுப்பினார், 24 ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பல் 'ஓசிரிஸ்' வந்து தூக்கியது. படகை விட்டுத்தான் வந்தார், ஆனால் உதவி பக்கத்தில் வந்து நின்ற பிறகு. முடிவு இரண்டு கட்டமாக இருக்கிறது என்பது எனக்கு இந்த உதாரணத்தில்தான் உறைத்தது: உதவி கேட்பதைச் சீக்கிரம் செய்ய வேண்டும், இறங்குவதைத் தாமதிக்க வேண்டும். பெரிய கப்பல் வந்து நின்றாலும் அவசரப்படக் கூடாது என்றார்கள், அலையில் சின்னப் படகு கப்பலின் பக்கவாட்டில் மோதுகிற அந்த நேரம்தான் எல்லாவற்றிலும் மோசமாம், முடிந்தால் வெளிச்சம் வரும்வரை பொறுக்கச் சொன்னார்கள்.

மதியத்துக்கு மேல் நம் படகுகள். ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் இந்தக் கரையில் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பைபர் வள்ளம் கவிழ்ந்தாலும் மிதக்கும், அதை விட்டு நீந்தாதே, ஆளை ஆளோடும் வள்ளத்தோடும் கட்டிக்கொள், மேலிருந்து தேடுகிற விமானத்துக்கு ஒரு தலை தெரியாது, கவிழ்ந்த வள்ளம் தெரியும். இரும்பு விசைப்படகு அப்படியில்லை, மீன் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் வேகமாக மூழ்கிவிடும், அங்கே கடைசிவரை காத்திருப்பது தவறு. இரண்டுக்கும் ஒரே சட்டம் சொல்லாமல் பிரித்துச் சொன்னது எனக்குப் பிடித்தது. 2024 இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவியையும் காட்டினார்கள், இஸ்ரோ செய்தது, பொத்தானை அமுக்கினால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று படகுக்கே பதில் வரும். அந்தப் பதில் வந்துவிட்டால் படகிலேயே கிடப்பதற்கு எவ்வளவு தெம்பு வரும் என்று தொழில்காரர்களுக்குத்தான் புரியும்.

மிதவையை முற்றத்தில் விரித்துக் காட்டினார்கள். கயிறைப் படகில் கட்டிய பிறகே மிதவையை எறிய வேண்டும், பிறகு கயிறு முழுவதும் இழுத்து வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்ட வேண்டும். சீறிக்கொண்டு ஊதியது, ரப்பர் வாடை முற்றம் முழுக்க. மிதவையின் வாசல் ஓரத்தில் நுனி மழுங்கிய சின்னக் கத்தி செருகியிருக்கிறது, கயிறை அறுக்க, மிதவையைக் குத்திவிடாமல் இருக்க அந்த மழுங்கல். கவிழ்ந்தால் வாயு உருளை இருக்கும் பக்கம் ஏறி நின்று பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். ஒரு பையனுக்குக் கால் இடைப் பட்டை போடாமல் லைஃப் ஜாக்கெட் மாட்டித் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள், ஜாக்கெட் காது வரை ஏறிவிட்டது, முகம் உள்ளே போய்விட்டது. பட்டையைக் கட்டித் தூக்கியபோது அசையவில்லை. வீட்டில் இருக்கும் ஜாக்கெட்டில் அந்தப் பட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இனி குறை. எல்லாமே தரையில். தண்ணீரில் மிதவைக்குள் ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று இவர்களே சொல்கிறார்கள், ஆனால் ஏற விடவில்லை. குளத்திலாவது ஒரு மணி நேரம் வைத்திருக்கலாம், அதற்கு இன்னும் 300 ரூபாய் கேட்டாலும் கொடுப்பார்கள். கூட்டம் அதிகம், ஒரே மிதவை, பாதிப் பேர் பட்டையைத் தொடக்கூட இல்லை. கையில் கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலம், இந்தக் கரையில் தமிழும் மலையாளமும் இல்லாமல் அதை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது, கேட்டேன், அடுத்த முறை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று, பெண்களை அழைக்கவில்லை. கடலில் இருந்து வருகிற கடைசி போன் அவர்களுக்குத்தான் வருகிறது. கருவியின் எண், படகில் உள்ளவர்களின் பெயர், கடைசியாக எந்தத் திசையில் இருந்தார்கள், இவற்றை எழுதி வைத்துக்கொண்டு 1554 என்ற எண்ணில் கடலோரக் காவல்படையிடம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். நீங்கள் போவதாக இருந்தால் பெயர் கொடுக்கும்போதே வீட்டம்மாவின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள், முடியாது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.