விண்டோஸ் 7 கணினிக்கு எந்த பிரவுசர்? குரோம் 109, ஃபயர்பாக்ஸ் 115, சூப்பர்மியம், பேல் மூன்

பழைய கணினிக்கு பிரவுசர் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எது லைட்டா இருக்கும்?" என்பதுதான். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சுற்றி, ஒரு டேப் திறக்கவே மூச்சு வாங்கும்போது அப்படிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் விண்டோஸ் 7 வைத்திருப்பவர் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். இந்த பிரவுசரில் இன்று ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், அதை அடைக்க யாராவது இருக்கிறார்களா? இப்படிக் கேட்டதுமே பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது.

முதலில் விழுவது குரோம். விண்டோஸ் 7க்குப் பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. காசு கொடுத்து நீட்டித்துக்கொண்ட நிறுவனங்களுக்கும் 2023 ஜனவரியோடு முடிந்தது. அதை ஒட்டி, 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 விண்டோஸ் 10 கேட்க ஆரம்பித்தது. விண்டோஸ் 7இல் குரோம் 109தான் கடைசி. எட்ஜும் அதே 109இல் நின்றது. இன்றும் குரோம் 109 திறக்கும், ஜிமெயில் வரும், பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அதுதான் தொந்தரவு. அதற்குப் பிறகு குரோமில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளின் விவரம் வெளியில் கிடக்கிறது. உங்கள் குரோமில் அவை அடைபடவில்லை. வேகம் பிடித்திருக்கிறது, பழகிவிட்டது என்பதற்காக அதை வைத்துக்கொள்வதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

ஃபயர்பாக்ஸ் கதை வேறு. 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பு விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் கடைசி. ஆனால் அதன் ஈ.எஸ்.ஆர். கிளையை, அதாவது புது வசதிகள் சேர்க்காமல் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கொடுக்கும் கிளையை, மொசில்லா உடனே கைவிடவில்லை. 2024 செப்டம்பர் என்று சொன்ன முடிவுத் தேதியைப் பலமுறை தள்ளிப்போட்டு 2026க்குள் கொண்டுவந்தார்கள். அதனால் நிறுவியதும் 'ஹெல்ப்' மெனுவில் 'அபவுட் ஃபயர்பாக்ஸ்' திறந்து, 115க்குப் பின்னால் உள்ள எண் இன்னும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண் மாதக்கணக்கில் அசையவில்லை என்றால் இதுவும் குரோம் 109 நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். குறைந்தது 115.13ஆவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால், 2025 மார்ச்சில் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் எக்ஸ்டென்ஷன்கள் தகராறு செய்யும்.

இந்தத் திருத்தங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2024 அக்டோபரில், பக்கத்தைத் திறந்தாலே போதும், எதையும் கிளிக் செய்ய வேண்டாம் என்ற வகை ஓட்டை ஒன்று ஃபயர்பாக்ஸில் பிடிபட்டது. ஏற்கெனவே அதை வைத்துத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். தகவல் வந்த 25 மணி நேரத்துக்குள் மொசில்லா திருத்தம் வெளியிட்டது. 115 கிளைக்கும் 115.16.1 என்று வந்தது. ஆனால் அதே தாக்குதலின் இரண்டாம் பாதி விண்டோஸில் இருந்த வேறோர் ஓட்டை. அதை மைக்ரோசாஃப்ட் அடுத்த மாதம் அடைத்தது. விண்டோஸ் 7இல் அப்படியொன்று கிளம்பினால் அடைக்க ஆளில்லை. கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாலும் சுவர் பழசுதான்.

சூப்பர்மியம் கெட்டிக்கார வேலை. குரோமின் அடிப்படையான குரோமியத்தை எடுத்து, எக்ஸ்பி வரை ஓடும்படி மாற்றியிருக்கிறார்கள். புதிய தளங்கள் திறக்க மறுத்து அடம்பிடிக்கும்போது கைகொடுக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரே ஆள் கையில் இருக்கும் திட்டம். கூகுள் ஓட்டையை அடைத்த பிறகுதான் இங்கே அடைபடும், அந்த இடைவெளி எத்தனை நாள் என்பது அவருக்கு எப்போது நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டாவது பிரவுசராக இருக்கட்டும். வங்கிக் கணக்கை அதில் திறக்க மாட்டேன்.

பேல் மூன் உண்மையிலேயே லைட். பழைய ஃபயர்பாக்ஸிலிருந்து பிரிந்து கோவானா என்ற தனி எஞ்சினில் ஓடுகிறது. ரேம் குறைவாகத் தின்பதற்குக் காரணம், எல்லா டேபும் ஒரே ப்ராசஸில், அதாவது தனித்தனித் தடுப்பு இல்லாமல், ஓடுவது. பாதுகாப்புக்கு அதுவே பலவீனம். கூகுள் மீட் மாதிரி வீடியோ அழைப்புகள் இதில் நடக்காது. செய்தி படிக்க, பி.டி.எஃப். இறக்கச் சரி. எதை இறக்கினாலும் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

ஆக, விண்டோஸ் 7இலேயே இருந்தாக வேண்டும், டேலியோ பழைய பிரிண்டர் டிரைவரோ விடமாட்டேன் என்கிறது என்றால், என் ஓட்டு ஃபயர்பாக்ஸ் 115க்கு, திருத்தம் வரும்வரை. போட்டதும் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனைச் சேருங்கள். 2 ஜிபி ரேம் கணினியில் இதைவிடப் பெரிய வேகம் வேறு எதிலும் கிடைக்காது, ஏனென்றால் பல பக்கங்களின் எடையில் நல்ல பங்கு விளம்பரமும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டும்தான். ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு ரேம் பிடித்திருக்கிறது என்று தெரியும், அங்கேயே மூடிவிடலாம். யூடியூப் மட்டும் திக்குகிறதா? யூடியூப் அனுப்பும் வி.பி.9 வீடியோவைப் பிரிக்கப் பழைய கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தெரியாது, மொத்தப் பாரமும் செயலியின் தலையில் விழுகிறது. எச்264இஃபை என்ற எக்ஸ்டென்ஷன், சிப்புக்குப் பழக்கமான எச்.264 வடிவத்தையே அனுப்பச் சொல்லும். கோர் 2 டியோ கணினிகூட 480பி-யில் நிம்மதியாக ஓட்டும்.

அப்புறம், அட்மின் அல்லாத சாதாரணக் கணக்கில் உலாவுங்கள். செட்டிங்ஸில் 'எச்.டி.டி.பி.எஸ். ஒன்லி' முறையைப் போட்டுவிடுங்கள். ஃப்ளாஷ், ஜாவா எல்லாம் இன்னும் கணினியில் இருந்தால் நீக்குங்கள். ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு செத்துவிட்டது. "உங்கள் பிரவுசர் பழசு, இங்கே அழுத்தி அப்டேட் செய்யவும்" என்று ஏதோ ஒரு தளம் சொன்னால் மூடிவிட்டு வாருங்கள். உண்மையான அப்டேட் பிரவுசருக்கு உள்ளிருந்துதான் வரும். எல்லாத் தளமும் ஒரே நேரத்தில் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்றால் வைரஸ் என்று பதறாமல் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் உள்ள காசு வடிவ சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

வங்கி வேலை இந்தக் கணினியில்தான் நடக்க வேண்டும் என்றால் மேலே சொன்ன நான்கும் வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் லேசான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போடுங்கள், 2 ஜிபி ரேமில் நிறுவலாம், 4 ஜிபி இருந்தால் சுகம். ஃபயர்பாக்ஸ், குரோம் இரண்டின் இன்றைய பதிப்பும் அதில் ஓடும். 2011இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் வந்தது. பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். தட்டச்சு பற்றிக் கவலை வேண்டாம், ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 லினக்ஸிலும் உண்டு.

ஒரு நிபந்தனை: செயலி 64 பிட்டாக இருக்க வேண்டும். விண்டோஸ் 32 பிட் என்று காட்டுவதை வைத்து முடிவு கட்டாதீர்கள்; 64 பிட் செயலி உள்ள கணினியிலும் கடைக்காரர்கள் 32 பிட் விண்டோஸையே போட்டுக் கொடுத்தது சகஜம். ஆரம்பகால ஆட்டம் நெட்புக் போல, செயலியே 32 பிட் என்றால் லினக்ஸிலும் வாசல் மூடிக்கொண்டு வருகிறது. 2025இல் வந்த டெபியன் 13 லினக்ஸுக்கு 32 பிட் கணினியில் நிறுவும் கோப்பு கிடையாது. 32 பிட் லினக்ஸுக்கு ஃபயர்பாக்ஸின் வழக்கமான பதிப்பும் அதே ஆண்டு 144உடன் நின்றது. அந்தக் கணினியை நெட்டிலிருந்து கழற்றிவிட்டு, பாட்டு கேட்கவும் கடிதம் அடிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.