சர்தாரைக் கொன்றது யாராக இருந்தால் எனக்கென்ன?

320 ரேண்ட் கொடுத்து வாங்கிய நாவல். 1885, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரு கரும்புத் தோட்டம், ஆலைக் கொதிகலன் அருகே சர்தாரின், அதாவது கூலிகளை மேற்பார்க்கும் மேஸ்திரியின், பிணம். டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எனக்கு இது வீட்டுக் கதை மாதிரி. என் ஆயாவின் தாய் டோங்காட் பக்கம் கரும்பு வெட்டியவர். ஆசையோடு ஒரே இரவில் 80 பக்கம் படித்தேன்.

அப்புறம்தான் இடறியது. துப்பறியும் கூலிக்காரன் ராத்திரியெல்லாம் டர்பன் துறைமுகம் வரை போய் வருகிறான். சரி, அனுமதிச் சீட்டு யார் கொடுத்தது? ஒப்பந்தத் தொழிலாளி சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் பிடித்து அடைப்பார்கள். அந்தப் பயம்தான் இப்படியொரு கதைக்கு உயிர். அதையே காணோம்.

கொலைக்குக் காரணம் 3 பவுண்டு வரியாம், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கிவிட்ட இந்தியர் தலையில் ஆண்டுதோறும் விழுந்த வரி. அந்தச் சட்டம் வந்ததே 1895-இல்! பத்து வருடம் கழித்து வரப்போகும் வரிக்கு இப்போதே கத்தியைத் தூக்குகிறான் மனிதன்.

ஆனாலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன், பொய் சொல்லக் கூடாது. கொன்றது கணக்குப்பிள்ளைதான். 30-ஆம் பக்கத்திலேயே என் மகள் சொல்லிவிட்டாள்.

கரும்புச் சோகை எரியும் வாசனையை எழுதிய இரண்டு பக்கம் மட்டும் அருமை. அதற்கு 320 ரேண்ட் அதிகம்.