செடிப் பெயர் சொல்லும் ஆப்: ஜெய்சல்மேர் மணலில் என் அனுபவம்

படம் பிடித்தால் செடியின் பெயர் சொல்லும் ஆப் ஒன்றின் சந்தாவைப் பாதி விலைக்குத் தருகிறார்களாம், கட்டலாமா என்று நண்பர் கேட்டார். காற்றாலை வேலைக்காக ஜெய்சல்மேர் வந்ததிலிருந்து அதைத்தான் வைத்திருக்கிறேன். என்னவெல்லாம் செய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஒரே கடுப்புதான்: இலையில்லாத செடியைக் கண்டால் அதற்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

இங்கே மணல்மேட்டில் நிற்பது 'போக்' என்கிற புதர். புத்தகப் பெயர் கல்லிகோனம் பாலிகோனாய்டிஸ். கிட்டப் போனால் குழப்பமே இல்லை. சாம்பல் நிறத்தில் முறுக்கிய கிளை, அதிலிருந்து கொத்தாகக் கிளம்பும் பச்சைக் குச்சிகள், குச்சி நெடுகக் கணு, கணுவைச் சுற்றிக் காய்ந்த சவ்வாக ஒரு சின்ன வளையம். அந்த வளையத்தையே பளிச்சென்று எடுத்துக் கொடுத்தாலும் வரும் பதில்: சவுக்கு! வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை தேறாத ஊரின் மணல்மேட்டில் சவுக்காம். பக்கத்திலேயே நிற்கும் 'கீம்ப்' என்கிற இன்னொரு புதரைக் காட்டினால் ஸ்பெயின் பக்கத்துப் புதர் ஏதோ வருகிறது. கீம்ப் தண்டில் அந்த வளையம் கிடையாது, வழவழவென்று வளையும். கயிறு திரிக்கவும் கூரை வேயவும் அதைத்தான் அறுக்கிறார்கள்.

ஆடு மேய்க்கிற பெரியவரிடம் படத்தைக் காட்டினால் அவர் முதலில் கேட்பது, "எந்த மண்ணுல நின்னுச்சு?" காற்று மணலை வாரிக்கொண்டு போய் வேர் வெளியே தொங்கினாலும் மேட்டின் தலையில் சாகாமல் நிற்பது போக். சரளைத் தரை, உப்புப் பூத்த தரை என்றால் 'லானா' என்கிற வேறொரு புதராக இருக்கலாம். பாதி வேலை அங்கேயே முடிந்தது. லொக்கேஷனுக்கு மட்டும் அனுமதி கேட்டு நச்சரிக்கிற ஆப், மண்ணைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நியாயமாகச் சொல்லணும். பிப்ரவரி, மார்ச்சில் போக் பூத்து, செம்பழுப்பு மயிர் போர்த்திய காய் பிடித்துவிட்டால் ஒரே படத்தில் சரியான பெயர். பூமொட்டைத் தயிரில் போட்டு ராய்த்தா செய்வார்கள் என்ற குறிப்புகூட வருகிறது. சிக்னலே இல்லாத இடத்திலும் வேலை செய்கிறது, அதற்கு ஒரு கும்பிடு.

மற்ற மாதங்களில்? கரி சுடுவதற்காக வேரோடு தோண்டியே குறைந்துபோன செடி இது. மிச்சம் எங்கே நிற்கிறது என்று பதிந்துவைக்கலாம் என்றால் வரைபடத்தில் சவுக்கு என்று ஏறுகிறது. திருத்தி அனுப்பினேன், நன்றி என்று தானாக ஒரு மெயில் வந்தது, பெயர் மாறவில்லை.

ஆகவே நண்பரே, கட்டாதீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கு இலவசமே தாராளம். நான் நேற்று இன்னொரு வருஷத்துக்குக் கட்டிவிட்டேன், அது வேறு விஷயம். மார்ச் வரப்போகிறதே.