பாத்திரம் கழுவும்போது ஜெயித்த ஆல்பம்: 2020இன் ஐந்து, மறுபடியும்

2020 டிசம்பர் கடைசியில், அந்த வருஷத்தில் எனக்குப் பிடித்த ஆல்பங்கள் என்று நான் எழுதி வைத்த பட்டியலில் டெய்லர் ஸ்விஃப்டின் 'ஃபோக்லோர்' முதலிடம். ஃபியோனா ஆப்பிளின் 'ஃபெட்ச் த போல்ட் கட்டர்ஸ்' இரண்டாவது, சார்லி எக்ஸ்சிஎக்ஸின் 'ஹவ் ஐம் ஃபீலிங் நவ்' மூன்றாவது. ஏட்ரியன் லெங்க்கரின் 'சாங்ஸ்' பட்டியலிலேயே கிடையாது. பால் மெக்கார்ட்னியின் 'மெக்கார்ட்னி 3' டிசம்பர் 18ஆம் தேதிதான் வந்தது, அதைப் பாதி கேட்டுவிட்டு மார்க் போட்டிருந்தேன். போன மாதம் இந்த ஐந்தையும் உட்கார்ந்து மறுபடி கேட்டேன். பழைய வரிசை அப்படியே கவிழ்ந்துவிட்டது.

ஏன் இந்த ஐந்தை மட்டும் மோத விடுகிறேன்? ஐந்தும் வீட்டிலோ வீடு மாதிரியான ஓர் இடத்திலோ உருவானவை. அந்த வருஷம் நாம் எல்லாருமே நான்கு சுவருக்குள் இருந்தோம். அதே நான்கு சுவரை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி. பாப் டிலனின் 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' அந்த வருஷ ஜூனில்தான் வந்தது, பதினேழு நிமிஷப் பாட்டோடு. ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அது வேறு பந்தயம், இங்கே சேர்க்கவில்லை.

முதலில் சார்லி. ஏப்ரல் 6ஆம் தேதி ரசிகர்களை ஜூமில் கூப்பிட்டு, வீட்டில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் செய்யப்போவதாக அறிவித்தார். மே 15 அன்று ஆல்பம் கையில். நடுவில் நாற்பது நாள்கூட இல்லை. பாதி எழுதிய வரிகளை இன்ஸ்டாகிராம் நேரலையில் காட்டுவார், கேட்பவர்கள் கருத்து சொல்வார்கள். 'ஃபாரெவர்' பாட்டின் வீடியோவே ரசிகர்கள் அனுப்பிய துண்டுப் படங்களைக் கோர்த்துச் செய்ததுதான். ஒரு பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பதை அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்குக் கிறுக்கே பிடித்திருந்தது. மூன்றாம் இடம் கொடுத்தது அந்தக் கிறுக்கில்தான் என்று இப்போது தோன்றுகிறது. 'ஆன்தம்ஸ்' வீட்டில் அடைந்துகிடக்கும் சலிப்பையும் நண்பர்களோடு ஊர்சுற்ற ஏங்குவதையும் பாடுகிறது. அன்றைக்கு என் மனதைத் திறந்து படித்த மாதிரி இருந்தது, இன்றைக்குப் பழைய செய்தித்தாள் வாசிப்பது மாதிரி இருக்கிறது. 'ஃபாரெவர்' மட்டும் தப்பித்துவிட்டது. இரைச்சலுக்கு அடியில் ஒரு நல்ல மெட்டு இருக்கிறது, அதற்கு எந்த வருஷமும் வேண்டாம்.

மெக்கார்ட்னிக்கு ஒரு பத்தி போதும். 1970இல் ஒன்று, 1980இல் ஒன்று என்று தனியாளாகச் செய்த ஆல்பங்களின் மூன்றாம் பாகம் இது. இங்கிலாந்தின் சசெக்ஸில் தன் ஸ்டுடியோவில், 78 வயதில், ஏறக்குறைய எல்லாக் கருவிகளையும் தானே வாசித்துப் பதிவுசெய்தார். முதல் பாட்டின் கிட்டார் சுழற்சி அருமை. அப்புறம், நேரம் நிறைய இருந்த ஒருவர் சந்தோஷமாகப் பொழுதுபோக்கியது தெரிகிறது. கேட்கச் சுகம்தான். ஆனால் எனக்கு அந்த வருஷம் அவ்வளவு சுகமாகப் போகவில்லை, பொறாமையில் மார்க் குறைத்திருக்கலாம்.

சரி, 'ஃபோக்லோர்'. வெளியாவதற்கு ஒரு நாள்கூட மிச்சம் இல்லாதபோது அறிவித்து, ஜூலை 24 அன்று 16 பாட்டுகளைக் கொட்டினார்கள். இசையமைப்பாளர் ஆரோன் டெஸ்னர் இசையைத் தொலைவிலிருந்து அனுப்ப, ஸ்விஃப்ட் தன் வீட்டில் பாடிப் பதிவுசெய்தார். ஆனால் ஆல்பத்தில் அந்த வீட்டைத் தேடினால் கிடைக்காது. அவ்வளவு சுத்தம். அவர் செய்தது வேறு: தன் கதையை விட்டுவிட்டு அடுத்தவர் கதைக்குள் குடிபோய்விட்டார். 'கார்டிகன்', 'ஆகஸ்ட்', 'பெட்டி' என்ற மூன்று பாட்டும் ஒரே காதல் சிக்கலை மூன்று பேர் வாயால் சொல்கின்றன. 'எபிஃபனி'யில் இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவான குவாடல்கனாலில் இறங்கிய தன் தாத்தாவையும், பெருந்தொற்று வார்டில் நிற்கும் மருத்துவப் பணியாளர்களையும் அடுத்தடுத்த சரணங்களில் நிறுத்துகிறார். அந்தப் பாட்டை நான் 2020இல் முழுசாகக் கேட்டதே இல்லை, பாதியில் தள்ளிவிடுவேன். இப்போது கேட்க முடிகிறது.

பிறகு ஏன் இறக்கினேன் என்றால், நீளம். 16 பாட்டும் ஒரே மப்பும் மந்தாரமுமான நிறம். அன்றைக்கு நேரம் குளம் மாதிரி தேங்கிக் கிடந்தது, அதில் இது மிதந்தது. இன்றைக்கு ஒன்பதாவது பாட்டுக்கு மேல் கை தானாக 'ஆகஸ்ட்'டுக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்த மார்ச்சில் இதற்குத்தான் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி கிடைத்தது. கொடுத்தவர்கள்மேல் எனக்குக் குறையில்லை.

உண்மையான சண்டை மிச்சம் இரண்டுக்கும் நடுவில்.

லெங்க்கர் 'பிக் தீஃப்' குழுவின் பாடகி. மார்ச்சில் குழுவின் சுற்றுப்பயணம் ரத்தானதும், ஒரு காதலும் முறிந்திருந்த நேரத்தில், மாசசூசெட்ஸில் காட்டுப் பக்கம் ஓர் ஒற்றை அறை மரக்குடிலுக்குப் போய்விட்டார். ஒலிப்பதிவாளர் பிலிப் வைன்ரோப் டேப் இயந்திரங்களோடு பின்னாலேயே வந்தார். கணினி இல்லை, டேப்தான். அந்த அறை ஒரு கிட்டாரின் வயிற்றுக்குள் இருப்பது மாதிரி இருந்ததாக லெங்க்கர் சொல்லியிருக்கிறார், கேட்டால் நமக்கும் அதே நினைப்புதான் வரும். விரல் கம்பியில் வழுக்கும் கீச்சு, டேப்பின் மெல்லிய இரைச்சல், 'ஸோம்பி கேர்ள்' பாட்டில் பறவைகள். 'இங்கிடார்' கொட்டகையில் செத்துக் கிடக்கும் குதிரையைப் பற்றியது. ஒன்றை ஒன்று தின்பதுதான் உலகம் என்கிற கொடூரமான விஷயத்தைத் தாலாட்டுக் குரலில் சொல்கிறார். இதை எப்படி 2020 பட்டியலில் விட்டேன்? அக்டோபர் 23இல் வந்தது, அதற்குள் எனக்குச் சோகம் புளித்துவிட்டது என்பதைத் தவிர வேறு சாக்கு இல்லை.

ஃபியோனா கதை தலைகீழ். அவர் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் இந்த வேலையைத் தொடங்கியது பெருந்தொற்றுக்குப் பல வருஷம் முன்னாலேயே. முந்தைய ஆல்பம் 2012இல் வந்தது. வீட்டுச் சுவரையும் தரையையும் கையில் கிடைத்த சாமானையும் தட்டித் தாளம் போட்டார். தலைப்பு 'தி ஃபால்' என்ற துப்பறியும் தொடரின் ஒரு வசனம்: அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை மீட்கும்போது பூட்டை அறுக்கும் கருவியைக் கொண்டுவரச் சொல்வது. ஃபியோனா மனதில் இருந்த பூட்டு வேறு. ஆனால் 2020 ஏப்ரல் 17 அன்று, ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வேளையில், அந்தத் தலைப்பு வந்து விழுந்தது. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் 10க்கு 10 கொடுத்தது, 2010க்குப் பிறகு முதல்முறையாக.

தலைப்புப் பாட்டின் முடிவில் நாய்கள் குரைக்கும். முதல் தடவை கேட்டபோது ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒன்றும் இல்லை. போன மாதமும், தெரிந்தே, கை ஹெட்போனுக்குப் போனது. முதல் பாட்டின் கடைசியில் குரல் டால்ஃபின் மாதிரி கீச்சிடும். கடைசிப் பாட்டான 'ஆன் ஐ கோ'வில் நடுவே தடுமாறி ஒரு கெட்ட வார்த்தை உதிர்க்கிறார், வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இரண்டையும் பாத்திரம் கழுவும்போது போட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், 2020இல் பாட்டுகளில் பெரும்பங்கை நான் அங்கேதான் கேட்டேன். குழாயைத் திறந்ததும் லெங்க்கரின் கிட்டார் பாதி காணாமல் போய்விட்டது, குரல் மட்டும் தண்ணீருக்கு மேல் தலை தூக்கிக்கொண்டிருந்தது. குழாயை மூடிவிட்டுக் கை ஈரத்தோடு நின்று கேட்டேன், வேலை நடக்கவில்லை. ஃபியோனாவுக்கு எதையும் மூட வேண்டியிருக்கவில்லை. தட்டு தட்டின்மேல் விழும் சத்தம் 'நியூஸ்பேப்பர்' பாட்டின் தாளத்தோடு ஒட்டிக்கொண்டது, எது உள்ளே எது வெளியே என்று பிரிக்க முடியவில்லை. ஒருகட்டத்தில் கரண்டியால் நானும் தட்ட ஆரம்பித்திருந்தேன்.

அதனால் என் புது வரிசை: ஃபியோனா, லெங்க்கர், ஸ்விஃப்ட், சார்லி, மெக்கார்ட்னி. ராத்திரி இரண்டு மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் முதல் இரண்டும் இடம் மாறும், மறைக்கவில்லை. இந்த இரண்டையும் கேட்காதவர்கள் லெங்க்கரை 'எனிதிங்' பாட்டிலிருந்து தொடங்கலாம், சிரமப்படுத்தாது. ஃபியோனாவை முதல் பாட்டிலிருந்து வரிசையாகத்தான் கேட்க வேண்டும். நாய் குரைத்தால் எழுந்து போகாதீர்கள்.