நோட்டுப் புத்தகமா, ரீல்ஸா, கிட்ஹப்பா: பாதியில் நிற்கிற புராஜெக்ட்டை எங்கே காட்டுவது?

அக்கா மகளுக்கு 14 வயது. மே மாத லீவில் ஒரு கருவி செய்ய ஆரம்பித்தாள். மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். வைஃபை உள்ள குட்டிக் கணினியான ஒரு ஈஎஸ்பி32 போர்டு, தொட்டி மூடியில் கீழ்நோக்கி மாட்டி ஒலியால் தண்ணீரின் தூரத்தை அளக்கிற அல்ட்ராசோனிக் சென்சார், போர்டு சொன்னால் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கிற ஒரு ரிலே. சாமான் வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதால் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். கருவியைப் பற்றிப் பேசியதைவிட நாங்கள் அதிகம் பேசியது வேறு ஒரு விஷயத்தை: இன்னும் சரியாக வேலை செய்யாத ஒன்றை எங்கே, யாரிடம் காட்டுவது? ரீல்ஸ், வாட்ஸ்அப், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம், நோட்டு, பதின்வயதுப் பிள்ளைகளின் ஹேக் கிளப் என்று ஐந்தையும் அவள் முயன்று பார்த்துவிட்டாள். இந்த வயதில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு உதவும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: காட்டிய பிறகு வேலை ஒரு படியாவது நகர்ந்ததா?

முதலில் ரீல்ஸ், ஏனென்றால் எல்லாப் பிள்ளைகளும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அவள் போட்டது 22 விநாடி வீடியோ. பக்கெட்டில் தண்ணீர் ஏறுகிறது, ரிலே டக்கென்று விழுகிறது, பல்பு அணைகிறது. நிறைய பேர் பார்த்தார்கள், 'சூப்பர்', 'எவ்வளவு ஆச்சு' என்று கேட்டார்கள், அத்தோடு சரி. எனக்கு உறுத்தியது அதற்கு முந்தைய மூன்று வாரம்தான். வேலை செய்யாமல் இருந்த அந்த மூன்று வாரமும் அவள் யாரிடமும் எதையும் காட்டவே இல்லை, 'முடியட்டும் மாமா, அப்புறம் எடுக்கலாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். உதவி தேவைப்பட்டதே அந்த மூன்று வாரத்தில்தான்! பள்ளி அறிவியல் கண்காட்சியிலும் இதே கதைதான், முந்தைய நாள் இரவு எரிந்துபோன ஐசி பற்றிச் சார்ட் பேப்பரில் ஒரு வரி இருக்காது. ஒன்று ஒத்துக்கொள்கிறேன். கேமரா முன்னால் நின்று தமிழில் விளக்கிப் பார்த்தபோதுதான் சென்சார் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறது என்பது தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒலி போய்த் திரும்புகிற நேரம் என்பதால் இரண்டால் வகுக்க வேண்டும், அதைச் சொல்ல வந்து நடுவில் நின்றுவிட்டாள். அதனால் பத்து நிமிட யூடியூப் விளக்கத்தை நான் ரீல்ஸோடு சேர்க்க மாட்டேன். ஆனால் அதுவும் முடிந்த வேலைக்குத்தான் பொருத்தம்.

வாட்ஸ்அப் குடும்பக் குழுவை நான் கடைசி இடத்தில் வைத்திருந்தேன். அது தப்பு. போட்டோ போட்டதும் எப்போதும்போலக் கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன, ஆனால் அன்று ராத்திரியே அவளுடைய சித்தப்பா போன் செய்தார். அவர் எலெக்ட்ரீஷியன். 'அந்த நீல டப்பாவுல மோட்டாரை நேரா கொடுத்துடாதம்மா, ஒட்டிக்கும்' என்றார். நீல டப்பா என்றது ரிலேயை. அதன் மேல் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது, ஒரு ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும், அப்புறம் என்ன என்றுதான் நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம். அவர் விளக்கினார்: மோட்டார் கிளம்புகிற நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அந்தப் பொறியில் உள்ளே இருக்கிற சின்ன முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது. கான்டாக்டர் என்ற பெரிய மின்சுவிட்சின் காயிலை மட்டும் ரிலே இயக்க வேண்டும், கான்டாக்டர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும். 230 வோல்ட் பக்கத்து வயரிங் முழுவதையும் அவரே வந்து செய்து கொடுத்தார், அந்தப் பக்கம் பிள்ளைகள் கை வைக்கவே கூடாது. வெளிநாட்டில் இருக்கும் எந்த முகம் தெரியாத நண்பனாலும் வீட்டுக்கு வந்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது இல்லையா? வாட்ஸ்அப்பின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. போன மாதம் போட்ட சர்க்யூட் படத்தைத் தேடினால் காலை வணக்கப் படங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் எங்கேயோ கிடக்கும். அங்கே ஆள் கிடைப்பார், பதிவு நிற்காது.

கிட்ஹப் நேர் எதிர். நிரலில் எந்த வரியை எப்போது மாற்றினாள், அதற்கு முன் என்ன இருந்தது என்று எல்லாம் நிற்கும். 13 வயது ஆனால் கணக்கு தொடங்கலாம், ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பைத் தமிழிலேயே எழுதலாம், எந்தப் பிரச்சினையும் இல்லாமல் தெரியும். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. கேம், வெப்சைட், சாட்பாட் என்று கோடிங் மட்டும் செய்கிற பிள்ளையாக இருந்தால் முதல் நாளிலிருந்தே கிட்ஹப்தான், யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிப்பதற்கு கமிட் என்று பெயர், அதற்கான குறிப்பில் 'சரி செய்தேன்' என்று எழுதாமல், 'சென்சார் பூஜ்யம் தந்தால் அந்த அளவைத் தள்ளிவிடுகிறேன்' என்று எழுதப் பழகினாலே பாதிப் படிப்பு. இரண்டு எச்சரிக்கை மட்டும். வீட்டு வைஃபை பாஸ்வேர்டை நிரலுக்குள்ளேயே எழுதி ஏற்றிவிடுவார்கள், எங்கள் வீட்டிலும் நடந்தது. அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டைத் திறந்தால் அப்படியே இருக்கும், ஆகவே பாஸ்வேர்டையே மாற்றிவிடுவதுதான் வழி. அப்புறம், கமிட் செய்த நாளுக்கெல்லாம் கிட்ஹப் காட்டுகிற அந்தப் பச்சைக் கட்டங்கள். ஒரு நாள் விட்டாலும் வெள்ளையாகத் தெரிகிறதே என்று ஒன்றுமில்லாத மாற்றத்தை ஏற்றுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடர்ந்து எத்தனை நாள் என்று காட்டும் எண்ணிக்கையை கிட்ஹப்பே 2016-இல் எடுத்துவிட்டது, கட்டங்கள் மட்டும் இருக்கின்றன.

ஆனால் கையில் தொடுகிற பொருளுக்கு கிட்ஹப் போதாது. ஜூனில் அவளுடைய போர்டு அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனது, திரையில் 'பிரவுன்அவுட் டிடெக்டர்' என்று ஒரு வரி வந்து போகும். நிரலை வரி வரியாகப் பார்த்தோம், தப்பே இல்லை. நிரலில் தப்பு தெரியாது, ஏனென்றால் பிரச்சினை மின்சாரத்தில் இருந்தது, அந்த வரியே வோல்டேஜ் குறைந்ததைத்தான் சொல்கிறது. கண்டுபிடித்துக் கொடுத்தது 40 பக்க நோட்டு. எந்த கேபிள், எந்த சார்ஜர், வைஃபை இயங்கியதா, ரிலே விழுந்ததா, ரீஸ்டார்ட் ஆனதா என்று ஐந்து கட்டம் போட்டு ஒவ்வொரு முயற்சியையும் எழுதச் சொன்னேன். மல்டிமீட்டரில் ஒன்றும் தெரியவில்லை, அது அவ்வளவு வேகமாகக் காட்டாது. இரண்டாவது பக்கம் நிரம்புவதற்குள் அவளே கண்டுபிடித்தாள்: வைஃபையில் செய்தி போகும் அதே நேரத்தில் ரிலேவும் விழுந்தால், அதுவும் அந்த நீளமான மெல்லிய யுஎஸ்பி கேபிளாக இருந்தால்தான் ரீஸ்டார்ட். வைஃபை அனுப்பும்போது போர்டு சட்டென்று நிறைய கரண்ட் இழுக்கிறது, ரிலேவும் சேர்ந்தால் மெல்லிய கம்பியில் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. குட்டையான தடித்த கேபிள் போட்டோம், நின்றுவிட்டது. நோட்டில் தமிழில் எழுதலாம், அடித்து எழுதலாம், படம் போடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் 'இது ஏன்னு தெரியல' என்று கூச்சமில்லாமல் எழுதலாம். யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதே அதன் குறையும் கூட. தனக்குத் தோன்றாத கேள்வி நோட்டில் வராது.

அந்தக் கேள்வி எங்களுக்கு ஹேக் கிளப்பிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஸாக் லாட்டா என்பவர் 2014-இல் தொடங்கிய, லாப நோக்கில்லாத அமைப்பு. ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியில் அதற்கு இருக்கும் குழுவில் பல நாட்டுப் பதின்வயதுப் பிள்ளைகள் தங்கள் வேலையைப் பாதியிலேயே போட்டோ எடுத்து, இரண்டு வரி எழுதிப் போடுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கேம் எழுதி அனுப்பி அது ஏற்கப்பட்டால், அதை ஓட்டுகிற ஸ்பிரிக் என்ற கைக்கருவியின் பாகங்களையே அனுப்பிவைத்த திட்டம் அவர்களுடையது. அவள் தன் பிரெட்போர்டின், அதாவது வயர்களைச் சொருகிச் சர்க்யூட் செய்யும் பலகையின் படத்தைப் போட்டாள். மறுநாள் காலை ஒரு பதில் வந்திருந்தது: சென்சாரின் எக்கோ பின்னை, அதாவது ஒலி திரும்பியதைச் சொல்லும் முனையை, போர்டில் நேராகவா சொருகியிருக்கிறாய்? ஆமாம், நேராகத்தான். சென்சார் 5 வோல்ட் தருகிறது, ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட். ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரித்தால் 3.3-க்கு வந்துவிடும். இதைச் சொன்னது அவள் வயதே ஆன யாரோ ஒரு பிள்ளை, அதுவும் தான் ஒரு போர்டைக் கருக்கிய கதையோடு. பெரியவன் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கவனிக்கவில்லை. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த உற்சாகத்தை எந்த லைக் எண்ணிக்கையும் தந்ததில்லை.

அங்கேயும் சிரமங்கள் உண்டு. எல்லாம் ஆங்கிலம். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை தயங்கும். அவள் கேள்வியை முதலில் நோட்டில் தமிழில் எழுதிவிட்டு, பிறகு நாலு சின்ன ஆங்கில வாக்கியமாக்குகிறாள். பதில்கள் பெரும்பாலும் நமக்கு நடுராத்திரியில் வருகின்றன, போனை இன்னொரு அறையில் வைத்துவிட்டுத் தூங்குவது என்று முதலிலேயே பேசிவைத்தோம். அப்புறம், உழைத்த மணியை எண்ணிப் பரிசு தருகிற திட்டங்கள் அங்கே வந்துபோகும், 2024 கோடையில் ஆர்கேட் என்ற திட்டம் அப்படித்தான் நடந்தது. அது பல பிள்ளைகளை முதல் வேலையை முடிக்க வைத்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஏன் ரீஸ்டார்ட் ஆகிறது என்று ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நேரம்தான் எங்கள் வீட்டில் உண்மையான வேலை நடந்த நேரம், அது எந்தக் கணக்கிலும் வராது. 14 வயதில் மணிக்கணக்கை நோக்கி ஓட வேண்டாம் என்பது என் கருத்து.

எங்கே போட்டாலும் ஒரு ஒழுங்கு தேவை. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே எடுத்துக்கொள்கிறது, நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். படத்தில் போர்டும் வயரும் போதும். பள்ளிச் சீருடை, பேட்ஜ், தெருப் பலகை, வாசலில் நிற்கும் வண்டியின் நம்பர் எதுவும் வேண்டாம்.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு, பத்து பதினொரு வயதென்றால், அமெரிக்காவின் எம்ஐடி 2007-இல் வெளியிட்ட, கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதுகிற ஸ்க்ராட்ச் ஒன்றே போதும். அடுத்தவர் செய்ததை எடுத்து மாற்றி, யாரிடமிருந்து எடுத்தது என்பதும் தெரியும்படி போடுகிற பழக்கம் அங்கேயே வந்துவிடுகிறது.

பொருள் செய்கிற பிள்ளைக்கு என் வரிசை இதுதான்: நோட்டு முதலில், தினமும். மாட்டிக்கொண்ட அன்றைக்கு ஹேக் கிளப் போன்ற இடத்தில் ஒரு படம். கரண்ட் சம்பந்தப்பட்டதென்றால் ஊரில் இருக்கிற எலெக்ட்ரீஷியன், அதற்கு வாட்ஸ்அப். வாரக் கடைசியில் நிரல் கிட்ஹப்புக்கு. எல்லாம் முடிந்த பிறகு, ஆசைக்கு ஒரு ரீல்ஸ்.

இப்போது புதுசாக ஒன்று வந்திருக்கிறது. விடியற்காலையில் தொட்டி பாதிதான் இருக்கிறது, சென்சாரோ நிரம்பிவிட்டது என்கிறது. மூடியில் ஆவி படிந்து சென்சார் முகத்தில் துளி நிற்கிறதோ என்பது அவள் சந்தேகம், 31-ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். தண்ணீர் புகாத சென்சார் வாங்கு என்று ஒரு பதில் வந்தது, ஆனால் அந்த வகை சென்சாருக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே சுமார் 20 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், எங்கள் தொட்டியில் மேலே அவ்வளவு இடம் இல்லை. மிதவை சுவிட்ச் போட்டுவிடு என்பது சித்தப்பாவின் யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு டார்ச்சோடு மாடி ஏறி மூடியைத் திறந்து பார்க்கப் போகிறோம்.